ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும்

வானொலியில் நேயர்களைப் பேச வைக்கச் சில கேள்விகள் எங்கள் கைவசம் எப்போதும் இருக்கும். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? மழை பெய்தால் என்ன சாப்பிடத் தோன்றும்? ரஜினியா, கமலா? அழைப்புகள் குறைந்த பிற்பகல்களில் இவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். ஆனால், இவை எதற்கும் வராத கூட்டம் சில வாரங்களுக்கு முன்பு நான் கேட்ட ஒரு கேள்விக்கு வந்தது. "மலேசியாவின் எல்லாக் காலத்திற்கும் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார்? எந்த விளையாட்டாகவும் இருக்கலாம். ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும்."

அரை மணி நேர அங்கம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. மூன்று பாடல்களைக் கைவிட்டோம். ஒரு நேயர் சாலையோரம் காரை நிறுத்திவிட்டுப் பேசினார். இன்னொருவர் தமக்கு முன் பேசியவரைக் குறிப்பிட்டு, "அவரு வாழ்க்கையில பந்தையே தொட்டிருக்க மாட்டாரு" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அரசியலைப் பற்றிக் கேட்டால்கூட இவ்வளவு சூடு வராது. (வந்தாலும் அதை நாங்கள் ஒலிபரப்ப முடியாது என்பது வேறு விஷயம்.)

தொடக்கத்தில் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி லீ சோங் வெய்க்குத்தான். கிள்ளானில் லோரி ஓட்டும் ஓர் அண்ணன் சொன்னார்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? சோங் வெய்தான்லா. அவரு ஆடுறப்ப நான் லோரிய ஓரங்கட்டிருவேன்."

எளிதில் மறுக்கக்கூடிய வாதமல்ல அது. 2008 ஆகஸ்டு முதல் 2012 ஜூன் வரை தொடர்ந்து 199 வாரங்கள் பூப்பந்தில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்தவர் அவர். மொத்தமாகக் கணக்கிட்டால் 349 வாரங்கள். அகில இங்கிலாந்துப் பட்டத்தை 4 முறை வென்றார். சொந்த மண்ணில் நடக்கும் மலேசியப் பொதுப் போட்டியை 12 முறை. ஒலிம்பிக்கில் 3 வெள்ளிப் பதக்கங்கள். அந்த மூன்றிலும் தங்கம் சீனாவுக்குப் போனது; இரண்டு தடவை லின் டானுக்கு, ஒரு தடவை சென் லோங்கிற்கு.

2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டம் நடந்த அந்த நோன்பு மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமாக் கடை. நாற்காலி கிடைக்காதவர்கள் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்து நின்றார். முதல் ஆட்டம் 21-15 என்று நமக்கு. இரண்டாவது 10-21. மூன்றாவது ஒவ்வொரு புள்ளியாக ஊர்ந்து, கடைசியில் 19-21 என்று கை நழுவியது. கடையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதற்கு முன்பு நான் பார்த்தேயிராத ஒரு மலாய்க்காரப் பெரியவர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "தாக் ஆப்பா, தாக் ஆப்பா" என்றார். பரவாயில்லை, பரவாயில்லை. எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொன்னது போல இருந்தது.

அந்த லோரிக்கார அண்ணன் வாக்களித்தது இப்படிப்பட்ட இரவுகளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. 349 வாரம் என்ற கணக்கு அவருக்குத் தேவைப்படவே இல்லை.

பிறகு ஐம்பதைத் தாண்டிய குரல்கள் வர ஆரம்பித்தன. அவர்கள் உலகில் பூப்பந்து இரண்டாம் இடம். மொக்தார் டஹாரியை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல். 1978இல் மெர்டேக்கா அரங்கத்தில் இங்கிலாந்து 'பி' அணிக்கு எதிராக அவர் போட்ட கோலை, ஷா ஆலாமிலிருந்து அழைத்த ஒருவர் நேர்முக வர்ணனையாகவே சொல்லி முடித்தார். நான் குறுக்கே பேசவில்லை. அந்த வர்ணனையை விடச் சிறப்பாக எதையும் அன்று நான் சொல்லியிருக்க முடியாது. அப்படிப்பட்ட கால்களை நரம்பு நோய் முடக்கி, 1991இல் 37 வயதில் அவர் மறைந்தார் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

ஒரு மாணவர் சைக்கிளோட்ட வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் என்றார். 2011இல் மான்செஸ்டரில் விழுந்து, ஓடுதளத்து மரச்சிராய் கெண்டைக்காலை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வெளியே வந்த நிலையிலும் எழுந்து பந்தயத்தை முடித்தவர். 2017இல் கெய்ரின் உலக வெற்றியாளர். ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. ஒருவர் தனி ஆளைச் சொல்லவே மாட்டேன், 1975 உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம் பிடித்த ஹாக்கிக் குழு மொத்தத்தையும்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தார். விதியை மீறியதற்காக அவருக்குப் பரிசு இல்லை என்றேன். பரிசே வைக்கவில்லை என்பது வேறு.

அங்கம் முடிந்து காரில் ஏறியதும் அப்பா அழைத்தார். வானொலியில் பேசும் மகளின் நிகழ்ச்சிக்கு ஒரு தடவைகூட அழைக்காதவர். "என்னம்மா, ஒருத்தன்கூட ஜெகதீசன் பேரச் சொல்லல?"

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். 1966இல் அவருக்கு 14 வயது. பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்ற செய்தியைத் தேநீர்க்கடையில் ஒருவர் பத்திரிகையிலிருந்து உரக்கப் படிக்க, கூடி நின்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். ஆசியாவின் அதிவேக மனிதர் ஒரு தமிழர். அதுவும் டாக்டருக்குப் படித்துக்கொண்டே ஓடுகிறவர் என்பது பால் வெட்டுக்குப் போகிற வீட்டுப் பையன்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். அப்பா அதைப் பற்றி அதிகம் விளக்க மாட்டார். "அன்னிக்கு நாங்க எல்லாரும் தோட்டத்து ரோட்டுல ஓடினோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அரையிறுதி வரை போனார் ஜெகதீசன். அந்த நேரத்தை இன்னொரு மலேசியர் முந்த 2017 ஆக வேண்டியிருந்தது. 49 ஆண்டுகள். "செயற்கை ஓடுதளமா, பயிற்சியாளர் பட்டாளமா, ஒண்ணும் கிடையாது" என்று அப்பா வாதாடினார். மெக்சிகோவில் ஓடுதளம் செயற்கைதான், ஊரும் கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் இருப்பதால் காற்றின் தடை குறைவு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது எல்லாவற்றையும் விட நல்ல வாதம்: "பூப்பந்து எத்தனை நாடு ஆடுது? சுவர்ப்பந்து எத்தனை நாடு ஆடுது? ஓட்டம் அப்படியில்லம்மா. கால் இருக்கிற எல்லா நாடும் ஓடுது."

இங்குதான் இந்த விவாதம் எனக்குச் சுவையானது. வெவ்வேறு விளையாட்டுகளை ஒரே தராசில் வைக்க எந்தப் படிக்கல்லைப் போடுவது? ஆஸ்திரேலியர்களுக்கு அந்தத் தலைவலி குறைவு. டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94, நீண்ட காலம் ஆடிய வேறு எவரும் 65ஐக்கூடத் தொடவில்லை. மற்றவர்களிடமிருந்து அவ்வளவு தூரம் விலகி நிற்கும் ஆளை எந்த விளையாட்டுக்காரரும் மறுக்க முடியாது. ஜமைக்காவில் உசேன் போல்ட் இருக்கும்போது வேறு பேச்சே எழாது. இந்தியாவில் அப்படியில்லை. மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தியான் சந்தா, 100 சதம் அடித்த டெண்டுல்கரா, உலகச் சதுரங்கப் பட்டத்தை 5 முறை வென்ற நம் விஸ்வநாதன் ஆனந்தா என்று கேட்டால் மூன்று வீடுகளில் மூன்று பதில் வரும். பெரும்பாலான வீடுகளில் டெண்டுல்கர்தான் வெல்வார். தியான் சந்த் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்று எங்கே?

எங்கள் குடும்பப் புலனக் குழுவிலும் இது பரவியது. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அத்தை மகள், "எங்களுக்கு 50.39 விநாடியில முடிஞ்சு போச்சு" என்று போட்டாள். 2016 ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை முடித்த நேரம் அது. மைக்கல் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் அவருக்குப் பின்னால் ஒரே நேரத்தில் வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். அவளுடைய மாமனாரோ 1960 ரோமில் பளுதூக்குதலில் வெள்ளி வென்ற டான் ஹாவ் லியாங்கை விட்டுக்கொடுக்க மாட்டாராம். சிங்கப்பூருக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 48 ஆண்டுகள் ஆயின என்பது அவர் கட்சி. நடுவில் அப்பா புகுந்து, 1966 பேங்காக் 100 மீட்டரில் ஜெகதீசனுக்கு நூலிழையில் இரண்டாவதாக வந்தவர் உங்கள் சிங்கப்பூரின் சி. குணாளன்தான் என்று ஞாபகப்படுத்தினார். ஆசியாவின் முதல் இரண்டு இடங்களில், ஜொகூர் பாலத்தின் இரு பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு தமிழர்கள். குழுவில் கைத்தட்டல் படங்களாக வந்து விழுந்தன. ஆனால், என் அத்தை மகள் மசியவில்லை. அவளுக்கு ஸ்கூலிங்தான், அந்தப் பந்தயத்தை அவள் கண்ணால் பார்த்தாள்.

கண்ணால் பார்த்தாள். லோரிக்கார அண்ணனும் பார்த்தார். ஷா ஆலாம்காரரும் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை, கேட்டார். ஆனால் கூட்டத்தோடு கேட்டார். நாம் 'தலைசிறந்தவர்' என்று சொல்லும்போது, யாரோடு சேர்ந்து நாமும் ஒரு காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோமோ அவரைத்தான் சொல்கிறோம் என்று எனக்குப் படுகிறது. இது தவறில்லை. ஆனால், அப்படி யாரும் சேர்ந்து பார்க்காத ஒருவர் என்ன ஆவார்?

அன்றைய நிகழ்ச்சியில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. 'வீரர்' என்று நான் கேட்ட சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழில் அது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் என்று இலக்கணம் சொல்லலாம். காதில் விழும்போது மீசையோடுதான் விழுகிறது. கடைசியில் பினாங்கிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்து, கொஞ்சம் கோபமாகவே, "நிக்கோல் டேவிட் என்ன பாவம் செஞ்சாங்க?" என்றார்.

கணக்கைப் பார்ப்போம். பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் சுவர்ப்பந்தில் உலக வெற்றியாளர் பட்டத்தை 8 முறை வென்றவர். 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை இடைவெளியே இல்லாமல் ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலை. அனைத்துலகச் சுற்றில் 81 பட்டங்கள். 1998இல் 15 வயதில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். அதே போட்டியில் 2014இல் மீண்டும் தங்கம். 2014 உலகப் பட்ட இறுதியாட்டம் கெய்ரோவில் நடந்தது. எதிராளி எகிப்தின் ரனீம் எல் வெலிலி, கூட்டம் முழுக்க அவர் பக்கம். நான்காவது ஆட்டத்தில் ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது என்ற நிலையிலிருந்து மீண்டு, ஐந்தாவது ஆட்டத்தில் வென்றார் நிக்கோல். 2021இல் உலக விளையாட்டுகள் அமைப்பு நடத்திய எல்லாக் காலத்திற்கும் சிறந்த விளையாட்டாளர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தார். 3 லட்சத்திற்கும் அதிகமான வாக்குகள்.

பிராட்மன் படிக்கல்லைப் போட்டால், மற்றவர்களிடமிருந்து இவ்வளவு தூரம் விலகி, இவ்வளவு காலம் நின்ற வேறு மலேசியர் இல்லை. சோங் வெய்க்கு ஒரு லின் டான் இருந்தார். நிக்கோலுக்கு அப்படி ஒருவர் அந்த ஒன்பது ஆண்டுகளில் வாய்க்கவில்லை. அப்பாவின் 'கால் இருக்கிற எல்லா நாடும்' வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. சின்னக் கடலில் பெரிய கப்பலா, பெருங்கடலில் வேகமான படகா என்பது அவரவர் விருப்பம். நான் கப்பலின் பக்கம்.

ஆனால் அந்தக் கெய்ரோ ஆட்டத்தை எந்த மாமாக் கடையும் போடவில்லை. போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்து யாரும் பார்க்கவில்லை. நான் வானொலிக்கு வந்த புதிதில் காலைச் செய்தியின் கடைசியில், வானிலைக்குச் சற்று முன்னால், 'நிக்கோல் டேவிட் மீண்டும் உலக வெற்றியாளர்' என்று ஒரு வரி வாசிப்போம். அந்த 'மீண்டும்' என்ற சொல்தான் அவருக்குச் சத்துருவாகிவிட்டது. எப்போதும் ஜெயிக்கிறவரைப் பற்றி என்ன பேசுவது? தோற்றவருக்காக ஒரு கடையே மௌனமாக இருந்தது. வென்றவருக்கு ஒரு வரி.

இன்னொரு காரணம் ஒலிம்பிக். அவர் ஆடிய காலம் முழுக்க சுவர்ப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அவரே மேடை மேடையாகப் பேசினார். ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தம் உலகப் பட்டங்களைக் கொடுத்துவிடத் தயார் என்றும் சொன்னார். மறுத்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது 2028 லாஸ் ஏஞ்சலிசில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்போது நிக்கோலுக்கு 45ஐ நெருங்கும் வயது. ஆடப் போவது சிவசங்கரி சுப்பிரமணியம் போன்ற அடுத்த தலைமுறை. 2022இல் கார் விபத்தில் படுகாயமடைந்து, அடுத்த ஆண்டே ஹாங்சாவ் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பெண் அவர். அவர் ஆட்டத்தையாவது மாமாக் கடைகள் போடட்டும்.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானின் ஜஹாங்கிர் கான் இதே சுவர்ப்பந்தில் 1981 முதல் 1986 வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தோற்கவே இல்லை. பிரிட்டிஷ் பொதுப் பட்டத்தைத் தொடர்ந்து 10 முறை வென்றவர். இருந்தாலும் அந்த ஊர்த் தெருவில் நின்று கேட்டால் முதலில் வரும் பெயர் 1992 கிரிக்கெட் கிண்ணத்தைத் தூக்கிய இம்ரான் கானாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

நிகழ்ச்சியின் முடிவில் ஒரு நேயர் கேட்டார்: "தங்கச்சி, நிக்கோல் நம்ம ஆளுதானே? அவங்க அப்பா இந்தியர்தானே?" ஆமாம் என்றேன். அப்படியென்றால் அவருடைய வாக்கும் நிக்கோலுக்கே என்று சோங் வெய்யைக் கைவிட்டு அந்த இடத்திலேயே கட்சி மாறினார். சிரித்துவிட்டேன். மறுநாள் சீன அலைவரிசையில் பணியாற்றும் தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் அலட்டிக்கொள்ளாமல், "அவங்க அம்மா எங்க ஆளு" என்றாள். நம்ம ஆள் என்பதற்காகக் கிடைக்கும் வாக்கு நிக்கோலுக்குத் தேவையில்லை. ஆனால், ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா ஜெகதீசனைச் சொல்லும்போதும் அதில் 'நம்ம ஆள்' இருக்கிறது. தோட்டத்து ரோட்டில் ஓடிய பதினான்கு வயதுப் பையன்களுக்கு அது தேவைப்பட்டது. அதை அவரிடமிருந்து நான் கழிக்கத் தயாரில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோதும் அப்பா விடவில்லை. நான் நிக்கோல், அவர் ஜெகதீசன், தம்பி சோங் வெய் என்று சாப்பாட்டு மேசையில் குரல் ஏறியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தாப்பாக்காரங்கள யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

அம்மாவுக்குத் தாப்பா. அவருடைய ஆள் எம். ராஜாமணி, அதே தாப்பாவில் பிறந்தவர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 4 தங்கம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்ற அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண். அந்த 1966இல்தான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. ஆண்களில் ஜெகதீசன். பெண்களில் ராஜாமணி. அப்பா இவ்வளவு நாள் பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த வருசம் எங்க ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்கள எல்லாம் திடல்ல ஓட விட்டாங்க" என்றார் அம்மா. "பொம்பளப் புள்ள எதுக்கு ஓடணும்னு எப்பவும் கேக்குற எங்க பாட்டி, அந்த வருசம் மட்டும் கேக்கல. நான் 400 மீட்டர் ஓடினேன். ரெண்டாவதா வந்தேன்."

முப்பத்தைந்து வருடத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. தம்பியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"எத்தனை பேரு ஓடினீங்க?" என்றார் அப்பா.

அம்மா ரசத்தை எடுத்து வரப் போய்விட்டார்.